பரலை ஏற்றினீர்கள், பற்றுச்சீட்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் அனுமதிப்பத்திரத்தோடு மண்ணெண்ணெய் விற்கும் சிறு கடைகளைப் பொலிஸார் சோதிக்கட்டும், சரி. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் பதுக்கல்காரர் மீது இரக்கம் வராது. ஆனால் அடையாள அட்டை காட்டாமல், பற்றுச்சீட்டும் தராமல் மண்ணெண்ணெய்ப் பரலை ஏற்றிக்கொண்டு போவது என்ன முறை? பொலிஸார் கைப்பற்றிய பொருளை உடனடியாக நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு. அந்தப் பொருளை யாரிடம் கொடுப்பது என்று கட்டளையிடுபவரும் நீதவான்தான். எங்கள் ஊர்க் கடையில் எடுத்த பரலுக்கு இன்றுவரை ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இறைப்பு மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் தோட்டங்கள் காய்கின்றன. எடுத்தது எத்தனை லீற்றர், எந்த வழக்கில் என்றாவது கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள்.

வாசகர்,
மாங்குளம்