கைவிசையை அளப்பது குறித்து உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கையால் பாகங்களைப் பொருத்தும் பணியிடங்களை மதிப்பிடும்போது, பாகத்தின் எடையை மட்டும் குறித்துக்கொண்டு, விரல்கள் அதை எப்படிப் பிடிக்கின்றன என்பதை விட்டுவிடுகிறோம். என் பார்வையில் இது பெரிய குறை. விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்கும்போது கிடைக்கும் வலிமை, முழுக் கையால் இறுகப் பற்றும்போது கிடைப்பதில் ஏறத்தாழ 4-இல் 1 பங்குதான் என்பதால், சிறிய கிளிப் ஒன்றைச் செருகுவதுகூட விரல்களை அவற்றின் எல்லைக்கு அருகே கொண்டுபோய்விடலாம். மணிக்கட்டு உட்புறமாக வளைந்திருந்தால் பிடி மேலும் தளரும். தடித்த கையுறையும் பிடிவலிமையைக் குறைக்கும் (கையுறையைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அது கைக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும்).

செருகும் விசையை விசைமானியால் பலமுறை அளந்து, உச்ச அளவை நியூட்டனில் எழுதவும். பிடிவிசைக்கு, வேலை முடிந்த உடனேயே பணியாளரிடம் பிடிவலிமைமானியைக் கொடுத்து, அதே அளவு அழுத்தத்தைத் திரும்பத் தரச் சொல்லலாம். நிமிடத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி என்பதும் பதிவில் இருக்கட்டும். வலிமை மிகுந்த ஒருவரை மட்டும் அளந்து வரம்பு வகுக்காதீர்கள். அந்த இருக்கையில் நாளை அமரப்போகிறவரின் கை அதைவிட மெலிந்ததாக இருக்கலாம்.