எல்லையோர ஊர்களின் நிலப்படத்துக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கேரள–தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை முதல் வேலந்தாவளம் வரை சாலையை ஒட்டி வளர்ந்துவரும் குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு வரைந்து, எவரும் பயன்படுத்தும் வண்ணம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணையவழிப் பொது நிலப்படத்தில் ஏற்றும் பணியின் முதற்பகுதி நிறைவேறியுள்ளது. அதற்குத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குழுவின் நெஞ்சார்ந்த நன்றி.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26 விழுக்காடாக இருந்த கேரளத்தின் நகர்ப்புற மக்கள்தொகை 2011இல் 47.7 விழுக்காடானது. ஊராட்சியாகவே நீடித்துக்கொண்டு, செய்யும் தொழிலாலும் மக்கள் நெருக்கத்தாலும் நகரமாகிவிட்ட ஊர்கள் கணக்கில் சேர்ந்ததே இவ்வுயர்வுக்குப் பெரிதும் காரணம். ஆகவே நகராட்சி எல்லைக்கோட்டைப் பார்த்து நகரம் எங்கே முடிகிறது என்று சொல்லிவிட முடியாது. மாநில எல்லையும் சேர்ந்துகொள்ளும் நம் பகுதியில் அது இன்னும் கடினம்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் மிகத் துல்லியமானவற்றிலும் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். வீடும் வாசலும் கிணற்றடியும் அந்த ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். போதாக்குறைக்கு, அகச்சிவப்பு அலைகளை ஒப்பிட்டுக் கட்டடங்களைப் பிரித்தறியும் கணக்கீட்டில், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் கடலைக்காடும் வற்றிய ஏரியும் கான்கிரீட் தளத்தைப் போலவே தெரிகின்றன. எந்தக் காட்டில் எந்த மாதம் என்ன பயிர் நிற்கும் என்று விவசாயிகள் பொறுமையாகச் சொல்லித் தந்ததால்தான், பயிர்க்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் பச்சை காட்டாத இடங்களை மட்டும் எங்களால் பிரித்தெடுக்க முடிந்தது.

தென்னந்தோப்புகளில் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஓட்டு வீடுகள் மட்டைகளின் நிழலில் மறைந்திருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவதற்கு அனுமதிக்கப்பட்ட, இன்னும் துல்லியமான படங்களிலும் அவை தென்படவில்லை. நாள்தோறும் மரமேறிக் கள் இறக்கும் தொழிலாளர்கள், எந்தத் தோப்பின் எந்த மூலையில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதைத் தங்கள் வேலை நேரத்தை விட்டுக்கொடுத்து எங்களுடன் நடந்துவந்து காட்டினார்கள். விண்ணிலிருந்து எடுத்த எந்தப் படமும் தராத செய்தி அது. அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

மண்பாதைகளில் எவை மழைக்காலத்திலும் வண்டி போகக்கூடியவை என்று குறித்துத் தந்த பால் சொசைட்டி வண்டி ஓட்டுநர்களுக்கும், வார்டு வாரியாக விடுபட்ட வீடுகளைச் சரிபார்த்த அங்கன்வாடி ஆசிரியைகளுக்கும், ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் பிழையின்றி எழுதித் தந்த இருமொழி ஆசிரியர்களுக்கும் நன்றி. படங்களை இலவசமாக வழங்குவோருக்கும், நிலப்படம் வரைய உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளை உருவாக்கிப் பேணிவரும் உலகெங்குமுள்ள தன்னார்வலர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளை எடுத்துக்கொள்கிறோம். அங்கேயும் எல்லைக்கு இருபுறமும் உள்ள தெருக்களை ஒன்றாகவே வரைய எண்ணியுள்ளோம். பாதை தெரிந்தவர்கள் உடன் வந்து உதவுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நிலப்படப் பணியில் ஈடுபட்டோர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.