பெரியம்மா, மூச்சு வாங்கினாலும் நடங்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

"இப்பல்லாம் தெருமுனை வரைக்கும்கூட போறதில்லம்மா. மூச்சு வாங்குது, எதுக்கு வம்பு" என்று போனில் சொன்னீர்கள். அதற்குப் பதில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன், அண்ணி வாசித்துக் காட்டுவார். நெஞ்சு நோய் வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற எனக்கு, உங்களைப் போலவே பயந்து உட்கார்ந்துவிட்ட நிறைய பேரைத் தெரியும். அவர்கள் வீட்டிலும் யாராவது படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

பீடி, சிகரெட் பக்கமே போகாத எனக்கு எப்படி இந்த சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகிற நாள்பட்ட நுரையீரல் நோய், வந்தது என்று டாக்டரிடம் கேட்டீர்களாமே. கொல்லைக் கொட்டகையில் நெல் அவிப்பீர்களே, உமியும் சீமைக்கருவேல விறகும் புகைய, ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தப் புகைதான். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்பவர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை பெரியம்மா. எங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டதில் வந்தது இது.

சரி, நடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரலில் கெட்டுப்போனதை நடைப்பயிற்சி சரிசெய்யாது. குழாயில் ஊதிப் பார்க்கிற டெஸ்டில் வரும் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இதை மறைத்துவிட்டு உங்களை நடக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. நடந்தால் தேறுவது கால். உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை வற்றிப்போகும். வற்றின சதை கொஞ்ச வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும், அதனால் கரியமில வாயு கூடும், அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டிவரும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்வீர்கள். உட்கார்ந்ததால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே வாங்கும். அமெரிக்காவில் ரிச்சர்ட் கசாபுரி என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் சிஓபிடி நோயாளிகளைச் சில வாரம் சைக்கிள் மிதிக்கவைத்து, 1991-இல் முடிவை எழுதினார்கள். பயிற்சிக்கு அப்புறம் அதே வேலைக்கு லாக்டிக் அமிலம் குறைந்திருந்தது, மூச்சும் குறைவாகவே தேவைப்பட்டது. நுரையீரல் என்னவோ பழைய நுரையீரல்தான்.

எங்கள் வார்டிலும் இதைத்தான் பார்க்கிறோம். முக்காலி போட்டு உட்கார்ந்து, நாலு சொம்புக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திக் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பயிற்சிக்கு அப்புறம் நின்றே குளிக்கிறார். அவருக்கும் ஊதுகிற டெஸ்டில் மாற்றம் எதுவுமில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2015-இல் இந்த மாதிரிப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இளைப்பு, களைப்பு, அன்றாட வாழ்க்கை எல்லாவற்றிலும் நல்ல மாற்றம் தெரிந்தது.

உங்களுக்கு இருக்கிற பெரிய பயம் எனக்குப் புரிகிறது. மூச்சு வாங்கினால் அப்படியே நின்றுபோய்விடுமோ என்று. மூச்சு வாங்குவது வேறு, மூச்சு நின்றுபோவது வேறு. அளவோடு வாங்கினால் அதனால் நுரையீரல் கெடாது. அந்த அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதுக்கு மேல முடியவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது 3, 4-இல் இருக்க வேண்டும். எதிரில் வருகிறவர் "எங்க கிளம்பிட்டீங்க?" என்றால் "கோயிலுக்குத்தான்" என்று சொல்ல முடியணும், நின்று ஊர்க்கதை பேச முடியக் கூடாது.

நடக்கப் பெருமாள் கோயில் பிரகாரம் போதும். மேடு பள்ளம் இல்லை, நிழல் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். டாக்டர் சரி என்றால், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மூச்சுக்குழாயை விரிக்கிற நீலநிற பஃப்பை (இன்ஹேலர்) ஸ்பேசர் என்கிற அந்தக் கூடு வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 5 நிமிடம் நடந்து, உட்கார்ந்து, திரும்ப 5 நிமிடம். அதுவே ஜாஸ்தி என்றால் 3 நிமிடம். சில நாளுக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் 20, 30 நிமிடத்துக்கு வந்துவிடலாம். வேகம் முக்கியமில்லை, வாரத்தில் முக்கால்வாசி நாள் நடப்பதுதான் முக்கியம்.

நடக்கும்போது இரண்டு எட்டு வைக்கிற வரைக்கும் மூக்கால் இழுங்கள். ஊதுகுழலில் ஊத உதட்டைக் குவிப்பீர்களே, அப்படிக் குவித்து, நாலு எட்டு வைக்கிற வரைக்கும் மெதுவாக விடுங்கள். முக்கி ஊத வேண்டாம். இந்த நோயில் சிக்கலே காற்று முழுசாக வெளியே போகாததுதான். பதற்றத்தில் வேகமாக மூச்சு இழுத்தால் பழைய காற்று உள்ளேயே தங்கிப் புதுசுக்கு இடமில்லாமல் போகும். உதட்டைக் குவித்து விட்டால் மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாது. மீறி வாங்கினால் உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் அடங்கும்.

துணி காயப்போடும்போது ஏன் இவ்வளவு வாங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். தோள், கழுத்துச் சதையெல்லாம் உங்களுக்கு மூச்சு இழுக்க ஒத்தாசை செய்கின்றன. கையைத் தூக்கினால் அந்த ஒத்தாசை போய்விடுகிறது. கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். அதோடு, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்கிற பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், உதடு நீலமாவது, இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டுகிற மீட்டரில் ஆக்சிஜன் அளவு டாக்டர் சொன்ன எண்ணுக்குக் கீழே போனாலும் நிறுத்துங்கள். காய்ச்சலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதோ இருந்தால் அன்றைக்கு நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தேறினதும் அதிக நாள் தள்ளிப்போடாமல் பழையபடி 3 நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மார்கழிப் பனியில் விடியக்காலம் கிளம்ப வேண்டாம், வெயில் வந்த அப்புறம் போங்கள். போகி அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்திலேயே நடங்கள். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், வலையே கட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஊருக்கு வரும்போது ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று டேப் வைத்து அளந்து எழுதி வைக்கப் போகிறேன். ரெண்டு மாதம் கழித்துத் திரும்ப அளப்போம். கோயில் வரைக்கும் அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பில் போகாதீர்கள், வழுக்கும். பின்னால் வார் வைத்த செருப்பாக வாங்கி வருகிறேன், கால் அளவை அண்ணியிடம் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்