ஆறு வால்வு மாருதியும் அதன் மைலேஜும்: நண்பருக்கு ஒரு கடிதம்

தக்கலை

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி, மைனியிடமும் சொல். காரைப் பற்றி நீ எழுதியதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வால்வு இன்ஜின் என்பதால்தான் உன் மாருதி 800 பெட்ரோலைக் குடிக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, வண்டியையே விற்கத் துணிந்துவிட்டாய்.

உன் 796 சிசி இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. 2000இல் வந்த ஆல்ட்டோவில் அதே 796 சிசிக்குப் பன்னிரண்டு வால்வுகள். நான்கு சிறிய வால்வுகள் சேர்ந்து திறக்கும் வழி, இரண்டு பெரிய வால்வுகள் திறப்பதைவிட அகலம். ஸ்பார்க் பிளக்கையும் நடுவில் வைக்க முடிவதால் தீ எல்லாப் பக்கமும் விரைவாகப் பரவும், நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) இல்லாமல் கம்ப்ரஷனை, அதாவது கலவையை அமுக்கும் அளவை, சற்றுக் கூட்டவும் இடமுண்டு. மைலேஜுக்கு உதவுவது பிளக்கின் இடம்தான். வழியின் அகலம் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதே பயன்படும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகிற உன் வண்டியில், காற்றைத் தடுத்து நிறுத்துவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரில் பாதி மூடிக் கிடக்கும் திராட்டில் தகடு. அந்த வேகத்தில் வால்வைக் கூட்டினாலும் பெரிய லாபம் இல்லை. மேலும் ஆல்ட்டோவுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷனும் ஐந்தாம் கியரும் இருக்கும்போது, அதன் சிக்கனம் முழுவதையும் வால்வின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

எனக்குக் கவலையெல்லாம், இருக்கிற ஆறும் சரியாக மூடுகின்றனவா என்பதுதான். டாப்பெட் சத்தமே, அதாவது வால்வுத் தண்டை ராக்கர் தட்டும் சத்தமே, இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ராக்கர் என்பது வால்வை அமுக்கித் திறக்கும் கை. அதுவே எனக்கு உறுத்துகிறது. வண்டி ஓட ஓட எக்சாஸ்ட் வால்வு (புகை வெளியேற்றுவது) மூடும்போது தான் படியும் வளையமான சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ, அதன் தண்டு மேலேறி ராக்கரோடு உள்ள இடைவெளி குறையும். இடைவெளி அடியோடு போனால் சத்தம் அடங்கிவிடும், ஆனால் இன்ஜின் சூடானதும் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டுக்குக் கடத்துகிறது. உட்காராத வால்வு ஆற வழியின்றிக் கருகும். அப்படி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளமும் அதைச் சுற்றிச் சாம்பல் வெளுப்பும் தெரியும். அந்தப் பள்ளத்தின் வழியே கம்ப்ரஷன் கசிய, குறைந்த இழுவையை ஈடுகட்ட நீ கூடுதலாக மிதிக்க, பெட்ரோல் தீர்கிறது.

ஆகவே, காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு டாப்பெட் செட் செய்யச் சொல். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். சத்தத்தை அடக்குவதற்காக ஸ்க்ரூவை முறுக்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதே. பிறகு மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கட்டும். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் பிளக் துளையில் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது மைலேஜ் மோசம் என்கிறாய். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது முதுகில் தள்ளி வரும்போது முகத்தில் அறையும் என்பது உனக்குத் தெரியாததா? டாங்க்கை நிரப்பி, போக்குவரவு இரண்டையும் சேர்த்து ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் திரும்ப நிரப்பிக் கணக்குப் பார்.

வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எனக்கு முன்கூட்டியே தகவல் சொல். வால்வைச் சீட்டோடு பொருந்தத் தேய்க்கும் கிரைண்டிங் செய்யும்போது, தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல்களையும் மாற்றிவிட வேண்டும். நான் வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். அதுவரை வண்டிக்கு யாரிடமும் விலை பேசாதே.

அன்புடன்,
முத்தையா