கடன் நோட்டும் ஐந்து பெட்டிகளும்: தேர்வெழுதும் தம்பிக்கு

தம்பிக்கு,

சென்ற வாரம் பாலக்கோடு வந்தபோது உன் நோட்டைப் பார்த்தேன். பக்கமெல்லாம் மஞ்சள் மை. குரூப் 4 பாடத்தை மூன்று முறை முடித்துவிட்டேன் என்றாய். தருமபுரி எந்த ஆண்டு தனி மாவட்டமானது என்று கேட்டதும், "இடது பக்கம் மேலே எழுதியிருக்கிறேன், அக்கா" என்றாய். எழுதிய இடம் நினைவிருக்கிறது, எழுதியதுதான் இல்லை!

அப்பாவின் கடைக் கடன் நோட்டை நினைத்துப் பார். இழுத்தடிக்கிறவரைத் தினமும் கேட்பார். நாணயமானவரை மாதத்துக்கு ஒருமுறை. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் படிப்புக்குச் சொன்னதும் ஏறத்தாழ இந்தக் கணக்குதான். ஐந்து பெட்டி. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதிய அட்டைகள். புது அட்டை முதல் பெட்டியில், தினமும் பார். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு: மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி வைத்துக்கொள். தவறினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும், மறுபடி முதல் பெட்டிக்கே. பரணில் கிடக்கும் மிட்டாய்ப் பெட்டிகள் போதும். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் இருக்கிறது.

நீ எழுதிய அட்டை ஒன்றைக் கண்டு சிரித்துவிட்டேன், கோபிக்காதே. முன்னால் 'தருமபுரி', பின்னால் பொடி எழுத்தில் எட்டு வரி. அது அட்டை இல்லை, கட்டுரை. எட்டில் ஐந்தைச் சொல்லிவிட்டால் அது சரியா, தவறா? உடைத்து எழுது. பழைய பெயர்? தகடூர். எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்தது? சேலம். ஆண்டு? 1965. கிருஷ்ணகிரி பிரிந்த ஆண்டு? 2004. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன்? அதியமான். ஓர் அட்டைக்கு ஒரே விடை.

இன்னொன்று. விடை வராவிட்டால் உடனே திருப்பாதே. தொண்டை வரை வந்து நிற்குமே, அந்த அவஸ்தையில் கொஞ்சம் இரு. மறக்கப் போகிற நேரத்தில் முயன்று மீட்டது எளிதில் போகாது. திரும்பத் திரும்ப வாசிப்பதில் அந்த முயற்சியே இல்லை. புரியாததை அட்டையாக்காதே. ஒரே நாளில் முந்நூறு அட்டை எழுதும் வீரமும் வேண்டாம், அடுத்த வாரம் முந்நூறும் உன் கழுத்தைப் பிடிக்கும். நாளுக்குப் பதினைந்து போதும்.

போனில் ஆன்கி என்ற செயலி இந்த நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் உன் கையில் போன் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பெட்டியே இருக்கட்டும்.

அடுத்த மாதம் வருகிறேன். ஐந்தாம் பெட்டியிலிருந்து நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா