மலை முகாமுக்கு என்ன துணி கொடுத்தனுப்புவது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் நம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொடைக்கானல் மலையில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறார்கள். போன வாரக் கூட்டத்தில் நிறையப் பேர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நல்ல காட்டன் துணியாகக் கொடுத்தனுப்பலாமா டீச்சர்?"

நம் ஊர் வெயிலுக்குப் பருத்திக்கு இணை கிடையாது. மலைக்குளிரில் அது நனைந்தால் கதை வேறு. சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தபோது, மலையேற்றத்துக்குக் கூட்டிப்போன ஒரு பையன் ஜீன்ஸும் பனியனுமாக மழையில் மாட்டிக்கொண்டான். மழை கால் மணி நேரம்தான். இரவு எட்டு மணிக்கும் அவனுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. மாற்றிக்கொள்ளப் பையில் இருந்ததும் ஒரு ஜீன்ஸ், அதுவும் ஈரம். நான் கொடுத்தனுப்பிய பட்டியலில் துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இந்த முறை விரிவாக எழுதுகிறேன்.

மழையில் நனையாமலேயே, காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்து மட்டும் பருத்தி இழை தன் எடையில் 7, 8 சதவீதம் வரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. மழையில் நனைந்தாலும் உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுக்கும் என்பதால், ஈரத் துணியோடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைக்கு நஷ்டம்தான்.

இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் விளையாட்டு ஜெர்சி, டிராக் பேன்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். கழுத்துப் பட்டையின் உள்பக்கச் சீட்டைப் பாருங்கள். மேலே போட ஃபிலீஸ் ஜாக்கெட் இருந்தால் நல்லது. அதுவும் பாலியெஸ்டர்தான், இழைகளைப் பஞ்சுபோலச் சீவி விட்டிருப்பதால் இடையில் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் கதகதப்பு. பாட்டி பின்னிய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

ரெயின்கோட்டை அவசியம் சோதித்துப் பாருங்கள். நைலான் துணி தானாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை. உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் தடுக்கிறது. போன மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்திருந்தால் அந்தப் படலம் பிசுபிசுத்து உரிந்திருக்கலாம். ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே கசிகிறதா என்று பாருங்கள். அயர்ன் செய்யாதீர்கள்.

இதே பாலியெஸ்டர், நைலான் துணிகள் நெருப்பின் பக்கத்தில் ஆபத்தானவை. இதை நீங்களே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பருத்தி எரிந்தால் சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் வகையைப் பொறுத்துச் சுமார் 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகி, கொதிக்கும் மெழுகுபோலத் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகு நெருப்பின் சூடு அதைவிடப் பல மடங்கு. ஆகவே, கேம்ப் ஃபயரைச் சுற்றி உட்காரும்போது மட்டும் போட ஒரு தடித்த பருத்திச் சட்டையைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுங்கள். கூடாரத்துணியும் நைலான்தான் என்பதால் உள்ளே மெழுகுவத்தி, கொசுவத்தி, அடுப்பு எதற்கும் அனுமதி இல்லை. யாருக்காவது சுட்டுவிட்டால், ஒட்டிய துணியைப் பிய்க்காமல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலிருந்து கயிறு கொடுத்தனுப்ப வேண்டாம். வெயிலில் கிடந்த நைலான் கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் பலம் இழந்திருக்கும். தேவையான கயிற்றைப் பள்ளியே கொண்டுவரும். அப்புறம், ஆளுக்கொரு வெள்ளி நிறப் போர்வையும் தருவோம். மெல்லிய பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசியது அது. உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அவசரத்துக்கு மட்டும்தான் பிரிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் தங்கள் பையோடு அறிவியல் ஆய்வகத்துக்கு வரட்டும். உடன் ஒரு பழைய துணியின் நூல் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பருத்தி எப்படி எரிகிறது, பாலியெஸ்டர் எப்படி உருகுகிறது என்று அறிவியல் ஆசிரியர் இடுக்கியில் பிடித்துக் காட்டுவார். முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை