புதுக் கணினி நின்றுபோனால் போர்மட்தான் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கென்றும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகளுக்கென்றும், பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினிகளை மலையகக் குடும்பங்கள் பல கடன்பட்டு வாங்குகின்றன. வாங்கிய சில நாட்களிலேயே படம் அப்படியே நின்று, மவுஸ் அசையாமல், பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும் என்ற நிலை வரும்போது, ஹட்டனானாலும் பண்டாரவளையானாலும் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "விண்டோஸ் பிரச்சினை, போர்மட் பண்ணித் தருகிறோம்." வட்டிலுள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவும் இந்தப் பழக்கத்தைக் குறித்தே எழுதுகிறேன்.

போர்மட் செய்த கணினி இரண்டொரு நாள் நன்றாக ஓடும். அதில் அப்போது பாரமான வேலை எதுவும் இல்லை, நினைவகம் (ரேம்) நிறைவதில்லை, ஆகவே பழுதான இடம் தொடப்படுவதும் இல்லை. பிறகு பழைய கதைதான். நினைவகமே பழுதாக இருந்தால், புதிதாக விண்டோஸ் நிறுவும்போது கோப்புகள் அந்தப் பழுதான நினைவகத்தின் வழியாகவே வட்டுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதால், முன்பு சரியாக இருந்தவையும் சிதைந்து பதியக்கூடும். இதற்கிடையில் பிள்ளையின் பாடக்குறிப்புகளும் செயற்றிட்டமும் அழிந்துபோவது தனி நட்டம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னர், கணினி எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நின்றுபோன நேரத்தில் கீபோர்ட்டிலுள்ள கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் இன்னும் உயிருடன் இருக்கிறது. குறிப்பிட்ட மென்பொருளோ, திரையில் படம் காட்டுவதை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரோ சிக்கியிருக்கலாம். விளக்கு அசையவே இல்லை, பாடிக்கொண்டிருந்த ஒலியும் ஒரே இடத்தில் இரைகிறது என்றால், வன்பொருளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அரை நிமிடம் நின்று மீண்டும் தானாகவே ஓடத் தொடங்கினால் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையோ, அதை மதர்போர்ட் என்ற தாய்ப்பலகையுடன் இணைக்கும் சாட்டா கேபிளையோ பார்க்க வேண்டும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 129 என்ற இலக்கத்துடன் பதிவுகள் இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அதே இடத்தில் தெரியும் 'கர்னல் பவர் 41' என்ற பதிவைக் காட்டி "பவர் சப்ளை போய்விட்டது", அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி பழுது, என்று சொல்பவர்களும் உண்டு. கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து நாமே அணைத்தாலும் அது வரும்.

மலையகத்துக்கே உரிய காரணமொன்றும் உண்டு. பம்பலப்பிட்டியில் பொருத்திய கணினி, கித்துல்கலை, கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்து சேர்கிறது. கணினியின் மூளையான புரொசசரைக் குளிர்விக்கும் பாரமான கூலரும் கிராபிக்ஸ் கார்ட்டும் அந்தக் குலுக்கலில் இடம் பெயர்வதும், ரேம் பலகையின் ஒரு முனை கிளிப்பிலிருந்து விலகுவதும் நடக்கக்கூடியவையே. ஆகவே மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்துவிட்டு, ரேம், கிராபிக்ஸ் கார்ட், மதர்போர்ட்டுக்குச் செல்லும் 24 முள் இணைப்பு, புரொசசருக்குச் செல்லும் 8 முள் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றி மறுபடியும் அழுத்திப் பொருத்துவதே செலவில்லாத முதல் வேலை. கூலரின் அடிப்பக்கத்து மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திவிட்ட கணினிகளும் உண்டு. புரொசசரின் வெப்பம் சாதாரண வேலையிலேயே 90 பாகை செல்சியஸைத் தாண்டுமானால் கூலரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது நினைவகம். என் அனுபவத்தில் புதுக் கணினி நின்றுபோவதற்கு அதிகம் காரணமாவது இதுதான். நான்கு ரேம் பள்ளங்கள் உள்ள மதர்போர்ட்டுகள் பெரும்பாலானவற்றில், இரண்டு பலகைகளைப் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் பள்ளங்களில் பொருத்த வேண்டும். அவசரத்தில் அடுத்தடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் கிடைப்பதற்காகப் கணினி தொடங்கும்போது இயங்கும் பயாஸில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிவிட்டு, அந்த வேகத்தை இந்த மதர்போர்ட்டும் புரொசசரும் தாங்குமா என்று பாராமல் கொடுத்துவிடுவதும் வழக்கம். எக்ஸ்எம்பியை அணைத்ததும் நிற்காமல் ஓடினால் காரணம் அகப்பட்டுவிட்டது. அப்படியும் நின்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச நினைவகச் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமலே இரவு முழுவதும் ஓடவிடலாம். அதில் ஒரேயொரு பிழை தெரிந்தாலும் அது பிழைதான்; "ஒன்றிரண்டு பரவாயில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை.

தலவாக்கலைக்கு அருகில் ஒரு வீட்டில், பாடக் காணொளி பார்க்கத் தொடங்கினாலே நின்றுவிடும் கணினி ஒன்றைப் பலமுறை போர்மட் செய்திருந்தார்கள். சோதனையை ஓடவிட்ட சிறிது நேரத்தில் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. ஒரு பலகையைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதித்தோம், சுத்தமாக முடிந்தது. கழற்றியதை அதே பள்ளத்தில் தனியே பொருத்தியதும் மீண்டும் சிவப்பு. ஆகப் பள்ளத்தில் குறையில்லை, பலகையில்தான் குறை. அதுவரை விண்டோஸ்தான் காரணம் என்று சாதித்த கடை, அந்தத் திரையைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பியதும் மறுபேச்சின்றிப் பலகையை மாற்றித் தந்தது.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை, கணினி திடீரென அணைவதும் தானாக மீள இயங்குவதுமே அதன் முக்கிய அடையாளங்கள். படம் நிலைத்து நிற்பதற்கு அது காரணமாவது ஒப்பீட்டளவில் குறைவு. ஆனாலும் கணினியின் வெளிப்பெட்டியான கேசிங்குடன் சேர்ந்தே வரும் மலிவான பவர் சப்ளைகளை நான் நம்புவதில்லை. 12 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. நீண்ட மின்கம்பி வரிசையின் கடைசியிலுள்ள தோட்ட வீடுகளில், மாலையில் எல்லோரும் கேத்தலும் ரைஸ் குக்கரும் போடும் நேரத்தில் 230 வோல்ட் வெகுவாக இறங்கிவிடும்போது, தரமற்ற பவர் சப்ளை தடுமாறும். அந்த நேரத்தில் மட்டுமே கணினி நிற்கிறதா என்று குறித்து வையுங்கள். சோதிப்பதற்கு நல்ல வழி, சரியாக இயங்கும் வேறொரு பவர் சப்ளையை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கேசிங்கைத் தொட்டால் சுரீர் என்று கடிக்கிறது என்பது பழைய லயன் அறைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இது எர்த் இல்லாத பிளக்கினாலோ, எர்த் முள்ளை விட்டுவிடும் மல்டி பிளக்கினாலோ வருவது. கணினி நிற்பதற்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உயிருடன் சம்பந்தப்பட்டது என்பதால் எலக்ட்ரீசியனை அழைத்துச் சரிசெய்தே ஆக வேண்டும். "மேலே பனியும் குளிரும் அதிகம், அதனால்தான் நிற்கிறது" என்ற விளக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதனுள் ஈரம் படியாது. நுவரெலியாவின் குளிர் கணினிக்கு நல்லதே.

புரொசசரே குறையாக இருப்பது அரிது, ஆனால் இல்லாமலில்லை. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசசர்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக ஏற்றும் திருத்தத்தை வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இவ்வகைப் புரொசசர் உள்ளவர்கள் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம். யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்ட்டே பயனற்றுப் போகலாம்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பொருத்திய கணினியை ஓரிரவு நினைவகச் சோதனையில் ஓடவிட்டு, அதன் முடிவுத் திரையை வாங்குபவருக்குக் காட்டியே ஒப்படைக்க வேண்டும். பற்றுச்சீட்டில் 'கணினி 1' என்று எழுதாமல், ஒவ்வொரு பாகத்தின் பெயர், தொடரிலக்கம், வாரண்டிக் காலம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். வாங்குபவர்களும் இவை இல்லாமல் பணத்தை முழுமையாகச் செலுத்த வேண்டாம். வாரண்டிக் காலத்துக்குள் பாகத்தை மாற்றித்தர மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பற்றுச்சீட்டுத்தான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தகவல் தொழினுட்ப ஆசிரியர்,
ஹட்டன்.